ஒப்பீட்டுக் குழு, எண் ஐந்து

பழவங்காடியில் பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால் உள்ள ஒரு சைவ ஹோட்டலின் சமையல்கட்டில் ஆவுடைத்தாய் பதினெட்டு வருஷம் தேங்காய் துருவினாள். பத்தொன்பதாவது வருஷம் ஐப்பசியில் அவளுடைய வலது தோள் இறுகிப்போயிற்று. கையைத் தோள்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரை தூக்கலாம். அதற்கு மேல், உள்ளே யாரோ தாழ்ப்பாள் போட்ட மாதிரி நின்றுவிடும்.

தேங்காய் துருவுவதுகூட எப்படியோ நடந்தது. கொண்டை போடுவதுதான் நடக்கவில்லை. சமையல்கட்டில் எல்லோரும் தலையில் தொப்பி போட வேண்டும். தொப்பிக்குள் அடங்க வேண்டுமானால் முடியைக் கொண்டையாக முடிந்திருக்க வேண்டும். முடிவதற்கு இரண்டு கை வேண்டும். கூட வேலை பார்த்த பெண் ஒரு வாரம் முடிந்துவிட்டாள். பிறகு அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். மற்றவர்களிடம் தினமும் காலையில் தலையைக் கொண்டுபோய் நீட்ட ஆவுடைத்தாய்க்குக் கூச்சமாக இருந்தது. ஒருநாள் யாருடைய சாம்பாரிலோ ஒரு நீள முடி கிடந்தது. அது அவளுடைய முடிதான் என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை. ஆனாலும் சூப்பர்வைசர், "கை சரியாயிட்டு வாங்க அக்கா" என்று சொல்லிவிட்டார்.

அவள் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருந்தாள். புருஷன் செத்து ஒன்பது வருஷம் ஆயிற்று. பிள்ளைகள் இல்லை. சுரண்டைப் பக்கத்தில் இருக்கும் தம்பி பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவான். வேலை நின்ற பிறகுதான் அவளுக்கு ஒன்று தெரிந்தது: இத்தனை வருஷமும் இந்த மலையாளத்து ஊரில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்தச் சமையல்கட்டு மட்டும்தான்.

ஒரு புதன்கிழமை காலை கோவில் எதிரே சும்மா நின்றுகொண்டிருந்தாள். ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. 'அக்ஷயகிரி பிசியோதெரபி கல்லூரி, இலவச சிகிச்சை' என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. டிரைவர் ஜெபசிங் களியக்காவிளைக்காரர். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவளைப் பார்த்தார்.

"அக்கா, ஒங்களுக்கு எங்கயாவது வலி உண்டா?"

"தோளு வலிக்கி."

"தோளு கொள்ளாம், நல்லதாப் போச்சு. ஏறுங்க. முட்டுவலி எட்டுப் பேரு ஆயாச்சு, தோளுதான் கொறவு."

இப்படியாக அவள் போய்ச் சேர்ந்தாள்.

கல்லூரி நெடுமங்காடு ரோட்டில் ஒரு மேட்டில் இருந்தது. நாலு மாடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. முன்கூடத்துச் சுவரில் டைல்ஸ் பதித்து ஒரு பெரிய கோபுரம் செய்திருந்தார்கள். கோபுரத்தின் உச்சியில் மிக உயர்ந்த ஆதாரம், அதற்குக் கீழே அடுத்த ஆதாரம் என்று படிப்படியாக இறங்கி, அடித்தட்டில், குப்பைக்கூடை மறைக்கும் இடத்தில், 'ஒரு தனிமனிதர் சொல்வது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அதன் முன்னால் நின்று முதல்வர் டாக்டர் ஹரிநாராயணன் பேசினார். ஊரின் பழைய கோட்டைப் பகுதியில் பிறந்த தமிழர். ஒவ்வொரு புதன்கிழமையும் பேசுவார்.

"இவ்வளவு காலமும் நம்ம செய்த தவறுகளுக்கு ஆதாரம் இல்லாம இருந்தது. இனிமேல் இந்தக் காலேஜில் எது செய்தாலும் ஆதாரத்தோட செய்வோம். மனசிலாச்சோ? யூனிவர்சிட்டியிலேந்து சர்க்குலர் வந்திருக்கு. மூணாம் வருஷ ஸ்டூடன்ட்ஸ் ஆதாரம் தேடற திறமையை நோயாளிகிட்டேயே படிக்கணும். படிச்சு முடிக்கறவரைக்கும் யாரும் நோயாளியைத் தொடப்படாது. தொட்டு ஏதாவது குணமாயிட்டா, அது எதனாலேன்னு நாளைக்கு யார் பதில் சொல்றது?"

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு மாணவி கையைத் தூக்கினாள். விஷ்ணுப்ரியா. வலியசாலை அக்ரகாரத்துப் பெண்.

"ஸார், இப்படிப் படிச்சுக்குடுத்தா ஸ்டூடன்ட்ஸுக்கு நன்னா வரும்கறதுக்கு ஆதாரம் உண்டோ?"

முதல்வர் அவளைக் கருணையோடு பார்த்தார்.

"சர்க்குலர் உண்டு" என்றார்.

தமிழ் தெரியும் என்பதால் ஆவுடைத்தாயை விஷ்ணுப்ரியாவிடம் ஒப்படைத்தார்கள். கூட இன்னும் ஐந்து மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு சுற்றி நின்றார்கள். ஐந்து படிகள் என்றார்கள். முதலில் கேள்வியை அமைக்க வேண்டும். பிறகு அதற்குப் பதில் சொல்லும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேட வேண்டும். பிறகு கட்டுரை நல்லதா கெட்டதா என்று எடைபோட வேண்டும். நாலாவது படியில் சிகிச்சை. ஐந்தாவதில் நடந்தது சரிதானா என்று பார்க்க வேண்டும். ஆவுடைத்தாயின் தோள் முதல் படியிலேயே நாலு வாரம் நின்றது.

கேள்வி அமைப்பதற்கு ஒரு படிவம் இருந்தது. முப்பது கேள்வி. எங்கோ வெளிநாட்டில் தயாரித்தது. உலகம் பூராவும் சரிபார்க்கப்பட்டது.

"கோல்ஃப் ஆடறச்சே எவ்வளவு கஷ்டமா இருக்கு?" என்று விஷ்ணுப்ரியா வாசித்தாள்.

"அது என்னது தாயி?"

"ஒரு கம்பால பந்தை அடிக்கறது. கேட்டிருக்கேளா?"

"எங்கூர்ல கிட்டிப்புள்ளு உண்டு. அதும் பயலுவ ஆடுறது."

"கஷ்டம் இல்லேன்னு போடட்டுமா?"

"ஆடவே இல்லயே. ஆடாதவளுக்கு என்ன கஷ்டம்?"

கஷ்டம் இல்லை என்று பதிவாயிற்று. டென்னிஸிலும் கஷ்டம் இல்லை. தட்டு எறிந்து பிடிக்கும் ஒரு விளையாட்டிலும் இல்லை. இருபத்திரண்டாவது கேள்வி வந்தது.

"போன ஒரு வாரத்திலே, குடும்பத்துக்காரா, சிநேகிதா, பக்கத்து வீட்டுக்காரா, இவாளோட பழகறதை உங்க தோள் எந்த அளவுக்குப் பாதிச்சுது?"

ஆவுடைத்தாய் இந்தக் கேள்வியை மட்டும் நன்றாக யோசித்தாள். போன வாரத்தை ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்த்தாள். பொய் சொல்லக்கூடாது என்று இருந்தது.

"தோளு ஒண்ணும் செய்யல தாயி. போன வாரம் பழகதுக்கு ஆளு யாரும் இல்ல."

விஷ்ணுப்ரியாவின் பேனா நின்றது. ஐந்து கட்டங்கள் இருந்தன: கொஞ்சமும் பாதிக்கவில்லை என்பதிலிருந்து முழுக்கப் பாதித்தது வரை. ஆள் இல்லை என்று கட்டம் இல்லை. பின்னால் வந்து நின்ற லிபி மேடம் எட்டிப் பார்த்தார். அந்தப் பாடத்துக்கு அவர்தான் பொறுப்பாசிரியை.

"பாதிச்சில்ல அல்லே? அப்போ ஒண்ணு. டிக் செய்யூ."

ஒன்று என்றால் பூரண ஆரோக்கியம். அந்த வருஷம் கல்லூரிக்கு வந்த நோயாளிகளில் இருபத்திரண்டாவது கேள்விக்கு மிகச் சிறந்த மதிப்பெண் வாங்கியவள் ஆவுடைத்தாய்.

படிவத்தின் கடைசியில் ஒரு வெற்றுக் கோடு இருந்தது. 'நோயாளிக்கு முக்கியமானது எது?' ஆவுடைத்தாய் தன் தலையைத் தொட முயன்று, முடியாமல், இடது கையால் காட்டினாள்.

"கொண்டைய நானே போடணும். போட்டாத்தான் வேலைக்கு எடுப்பாவ. போட்டுவிட எனக்கு ஆளில்ல."

விஷ்ணுப்ரியா அதை அப்படியே எழுதினாள். லிபி மேடம் வாசித்துவிட்டுக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இதினு ரெஃபரன்ஸ் எவிடே?"

"மேடம், அவர்தானே சொல்றார். அவருடைய கை."

"பேஷ்யன்ட் பறஞ்சால் ரெஃபரன்ஸ் ஆகுமோ, விஷ்ணுப்ரியா? பப்ளிஷ் ஆயிட்டு உண்டோ?"

அடுத்த வாரம் ஆறு பேரும் நூலகத்தில் தேடினார்கள். தேடும் தளத்தின் பாஸ்வேர்டு நூலகரிடம் இருந்தது. நூலகர் பிரசவ விடுப்பில் இருந்தார். அவர் வீட்டுக்கே போய், குழந்தையைப் பார்த்து, பாஸ்வேர்டை வாங்கி வந்தார்கள். கொண்டை போடுவதைப் பற்றி உலகத்தில் யாரும் ஆராய்ந்திருக்கவில்லை. தலைக்கு ஷாம்பூ போடுவதைப் பற்றி நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் இருந்தன. ஆகவே ஆவுடைத்தாய்க்கு முக்கியமானது ஷாம்பூ என்று திருத்தி, கேள்வி ஒப்புதல் குழுவுக்கு அனுப்பினார்கள். குழு இரண்டாவது செவ்வாய்க்கிழமைகளில் கூடும். அந்தச் செவ்வாய் ஹர்த்தால். ஒத்திவைத்த செவ்வாய் ஆற்றுகால் அம்மன் கோவில் பொங்கல்; ஊர்ப் பெண்கள் எல்லாம் தெருவில் அடுப்பு வைக்கும் நாள். லிபி மேடமே அடுப்புக் கூட்ட முந்தின நாளே போய்விட்டார்.

ஆவுடைத்தாய்க்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. புதன்கிழமை தோறும் ஆறு பேர் அவளைச் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். வேறு எங்கே கேட்பார்கள்? திங்கட்கிழமையே அவள் பதில்களை யோசித்து வைக்க ஆரம்பித்தாள். கல்யாண வீட்டுக்கு உடுத்தும் ஊதாச் சேலையை உடுத்திக்கொண்டு வேனுக்கு அரை மணி முன்னதாகவே போய் நின்றாள்.

தரமதிப்பீட்டுக் குழு வரப்போவதாகப் பங்குனியில் கடிதம் வந்தது. முதல்வர் எல்லோரையும் முன்கூடத்துக்கு அழைத்தார்.

"நம்ம குழந்தைகள் ஆதாரம் தேடினா போராது. ஆதாரம் உண்டாக்கணும். வெறுமே சிகிச்சை செய்தா அது சிகிச்சை மட்டும்தான். சிகிச்சை செய்யாத ஒரு கூட்டத்தோட ஒப்பிட்டாத்தான் ஆதாரம். அதனாலே பாதிப் பேருக்குச் சிகிச்சை செய்யாம இருக்கணும். இதை நாங்க ரொம்பக் காலமா செய்துண்டுதான் இருக்கோம். இப்போ முறையாச் செய்யப்போறோம்."

தோள் வலிக்காரர்கள் பத்துப் பேருக்கும் ஒட்டிய உறை கொடுத்தார்கள். ஆவுடைத்தாயின் உறையில் இருந்த சீட்டை விஷ்ணுப்ரியா பிரித்துப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"நீங்க ஒப்பீட்டுக் குழு. எண் அஞ்சு. உங்களுக்கு ஒண்ணும் பண்ண மாட்டா."

"ஒண்ணும் பண்ணாம இருக்கதுக்கா வேனு அனுப்புதாவ?"

"ஆமாம்மா. ஒண்ணும் பண்ணாம இருந்தா என்ன ஆறதுன்னு பாக்கணும்."

"அது எனக்குத் தெரியும் தாயி. நாலு மாசமா அதத்தான பாத்துக்கிட்டிருக்கேன்."

மேல்மாடிக் கோடியில் ஓர் அறை. ஐந்து ஸ்டீல் நாற்காலிகள், ஒன்றுக்கொன்று இரண்டு மீட்டர் தூரத்தில். பேசினால் மனம் லேசாகி வலி குறைந்துவிடக்கூடும் என்பதால் பேச்சு கூடாது. தோள் வலியைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு காகிதம் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பிறகு ஒரு டீ, ஒரு பழம்பொரி, வேன்.

பக்கத்து நாற்காலியில் பிச்சைக்கனி என்று ஒரு கொத்தனார் இருந்தார். சங்கரன்கோவில்காரர். இரண்டாவது வாரமே எழுந்துவிட்டார்.

"இங்க உக்காந்து நோவுறதுக்கு அங்க சாந்துச் சட்டியத் தூக்கிட்டு நோவலாம். நீங்களும் வாங்கக்கா."

"நான் எங்க போவ?" என்றாள் ஆவுடைத்தாய்.

அடுத்த வாரம் இன்னொருவர் போனார். அதற்கடுத்த வாரம் இரண்டு பேர். கடைசியில் அந்த அறையில் அவளும் நாலு காலி நாற்காலிகளும் மிஞ்சின. கதவுக் கண்ணாடி வழியாகப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விஷ்ணுப்ரியா எட்டிப் பார்த்து, 'உட்கார்ந்திருக்கிறார்' என்று எழுதிக்கொண்டு போனாள்.

ஒப்பீட்டுக் குழுவில் ஒருத்திதான் மிச்சம் என்று கேள்விப்பட்டு முதல்வரே மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"அம்மா, நீங்க போயிடப்படாது. நூற்றிருபது குழந்தைகளுடைய பட்டம், இந்த ஸ்தாபனத்துடைய அங்கீகாரம், எல்லாம் இந்த நாற்காலியிலேதான் உட்கார்ந்திருக்கு. நீங்க இல்லேன்னா எங்களுக்கு ஆதாரமே இல்லை."

கைகூப்பினார். பேர் கேட்க மறந்துவிட்டார். அன்று முழுக்க ஆவுடைத்தாய் அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நீங்கள் இல்லையென்றால். புருஷன்கூட அப்படிச் சொன்னதில்லை.

அதற்கடுத்த புதன்கிழமை விஷ்ணுப்ரியா பதினைந்து நிமிஷம் ஆவதற்கு முன்னாலேயே கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது.

"பாத்ரூம் போகணுமா அம்மா?"

"வேண்டாம் தாயி."

"போகணும். வாங்கோ."

கழிப்பறையின் சுவரெங்கும் வெள்ளை டைல்ஸ். கதவைச் சாத்திவிட்டு விஷ்ணுப்ரியா சுவர் பக்கம் திரும்பி நின்றாள். இரண்டு விரலைச் சுவரில் ஊன்றி, பூச்சி ஏறுவதுபோல மேலே நடத்திக் காட்டினாள்.

"இப்படி. பதுக்கே பதுக்கே, மெதுவா. ஒரு டைல் ஏறினா நிறுத்தணும். பத்து எண்ணணும். இறங்கணும். தினமும் மூணு வேளை. வலிக்கும். பொறுக்கற வலின்னா பண்ணுங்கோ, பொறுக்க முடியலேன்னா விட்டுடுங்கோ."

ஆவுடைத்தாய் விரல்களை ஊன்றினாள். இரண்டாவது டைலில் கை நின்றது.

"இது யாரு சொன்ன வைத்தியம்?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச வைத்தியம். முதல் வருஷத்துப் புஸ்தகத்திலே இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒப்பீட்டுக் குழுவுக்கு ஏதாவது பண்ணினா அது கலப்படம்மா. தெரிஞ்சா எனக்கு வருஷம் போயிடும். அப்பா லோன் எடுத்துப் படிக்க வைக்கறார்."

"நான் யாருட்ட சொல்லப்போறேன் தாயி?" என்றாள் ஆவுடைத்தாய். அது சத்தியம். சொல்ல ஆள் இல்லை.

லைன் வீட்டுச் சுவரில் டைல்ஸ் கிடையாது. கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டாள். காலை, மதியம், சாயங்காலம் சுவரைப் பார்த்து நின்றாள். முதல் வாரம் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாவது வாரம் காலண்டர் ஆணிக்குப் பக்கம் விரல் போயிற்று. ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து, கூந்தலை உதறி, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனாள். கைகள் சந்தித்தன. கொண்டை கோணலாக, ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். வாசல் கதவைத் திறந்துவைத்து வெகுநேரம் நின்றாள். எதிர் வீட்டுக்காரி பக்கெட்டோடு போனாள், பார்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் கொண்டையை அவிழ்த்துவிட்டு வேனில் ஏறினாள்.

"நீ கவலப்படாத," என்று விஷ்ணுப்ரியாவிடம் சொன்னாள். "அளக்க அன்னைக்கி நான் கையத் தூக்க மாட்டேன்."

அளக்கும் நாளும் வந்தது. தரமதிப்பீட்டுக் குழுவில் மூன்று பேர். பூச்செண்டு, செண்டை மேளம், இளநீர் எல்லாம் முடிந்து முன்கூடத்தில் உட்கார்ந்தார்கள். அளப்பவருக்கு நோயாளி எந்தக் குழு என்று தெரியக்கூடாது, நோயாளிக்கும் தெரியக்கூடாது, இரண்டு பேரும் இந்த விஷயத்தில் குருடாக இருக்க வேண்டும் என்று சர்க்குலரில் இருந்தது. கல்லூரி சர்க்குலரை வரிக்கு வரி பின்பற்றியது. அளப்பதற்காக நாலாம் வருஷத்திலிருந்து கூட்டிவந்த ஆர்ஷா என்ற மாணவியின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டினார்கள். பிறகு ஆவுடைத்தாயின் கண்ணையும் கட்டினார்கள். கோணத்தை வாசிக்க லிபி மேடம் பக்கத்தில் நின்றார். குழுத் தலைவர், "இவ்வளவு கறாராக வேறெங்கும் பார்த்ததில்லை" என்று எழுதிக்கொண்டார்.

இருட்டில் ஆவுடைத்தாய் தோளை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றாள். எழுபது டிகிரிக்கு மேல் போகக்கூடாது. காலண்டருக்கு ரொம்பக் கீழே. மனசில் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

ஆர்ஷாவின் விரல்கள் காற்றில் துழாவி வந்தன. முதலில் அவள் கன்னத்தில் பட்டன. "ஸாரி அம்மா" என்று ஒரு சின்னக் குரல். பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு. ஒரு கை முழங்கையை ஏந்திக்கொண்டது. இன்னொரு கை அவள் உள்ளங்கைக்குள் வந்து பிடித்துக்கொண்டது. சூடான கை. கொஞ்சம் வேர்த்திருந்தது, அந்தப் பெண்ணுக்கும் பயம் போலிருக்கிறது.

பதினைந்து வாரத்துக்கு மேல் ஆயிற்று இந்தக் கல்லூரிக்கு வந்து. ஒருவரும் அவளைத் தொட்டதில்லை. அதற்கு முன்பு எப்போது என்று யோசித்தாள். கொண்டை போட்டுவிட்ட பெண். அதற்கு முன்பு? யோசித்துக்கொண்டே இருந்தாள்.

துணியை அவிழ்த்தபோது, தன் வலது கை கூரையைப் பார்த்து நிற்பதை ஆவுடைத்தாய் கண்டாள்.

"நூற்றி ஐம்பத்திரண்டு" என்று லிபி மேடம் வாசித்தார். சிகிச்சைக் குழுவின் சராசரி தொண்ணூற்று நாலு.

விஷ்ணுப்ரியா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த அம்மாவுக்கு என்ன செய்தீர்கள்?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"ஒன்றும் செய்யவில்லை ஸார்" என்றார் முதல்வர். அது அவர் எதிர்பாராமல் சொன்ன உண்மை. பிறகு அவருக்கே தைரியம் வந்தது. எழுந்து நின்றார். "நாற்காலியில் உட்கார வைத்தோம்."

"நாற்காலியிலா?"

"ஸ்டீல் நாற்காலி. இரண்டு மீட்டர் இடைவெளி. மௌனம். ஸார், ஒரு சாதாரண ஸ்தாபனமா இருந்தா இந்த முடிவை மறைச்சிருக்கும். நாங்க மறைக்கப்போறதில்லை. ஆதாரம் எங்கே கூட்டிண்டு போறதோ அங்கே போறவன்தான் விஞ்ஞானி. ஒப்பீட்டுக் குழுவிலே நூற்றுக்கு நூறு பேர் குணமாயிருக்கா. முப்பது வருஷமா நாங்க செய்துவந்த சிகிச்சை அநாவசியம்னு இன்னிக்கு நிரூபணமாயிருக்கு. இதைச் சொல்றதிலே எனக்குப் பெருமை."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கல்லூரிக்கு மிக உயர்ந்த தரம் கிடைத்தது.

ஆவுடைத்தாய்க்கு மனசு கேட்கவில்லை. விஷ்ணுப்ரியாவின் பெயரை வெளியே விடாமல் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முதல்வரின் அறைக்குப் போனாள்.

"ஐயா, நாற்காலி ஒண்ணும் செய்யல. நான் வீட்ல செவத்துல வெரல வச்சு ஏத்தி ஏத்தித்தான் கை வந்துச்சு."

முதல்வர் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடிக் கதவு வழியே டைல்ஸ் கோபுரத்தின் அடித்தட்டைக் காட்டினார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்கோ. ஒரு ஆள் வந்து சொல்றதை வச்சு விஞ்ஞானத்திலே ஒண்ணும் தீர்மானிக்க முடியாது. மனசிலாச்சோ?"

விஷ்ணுப்ரியாவும் போனாள், லிபி மேடத்திடம். எல்லாவற்றையும் சொன்னாள். லிபி மேடம் கதவைச் சாத்திவிட்டு முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "மோளே, எனிக்கும் தெரியும். அந்தக் கை நாற்காலியில் சரியானதில்லன்னு எனிக்கும் தெரியும். நீ சொன்னால் ஸ்டடி போகும். ஸ்டடி போனால் கிரேடு போகும். கிரேடு போனால் நூற்றிருபது பேருடைய சர்ட்டிஃபிகேட். ஞான் இங்கே டெம்பரரி டீச்சர் ஆணு." இரண்டு பேரும் அழுதார்கள். ஆண்டு விழாவில் சிறந்த ஆய்வுக்கான பரிசு விஷ்ணுப்ரியாவின் அணிக்குக் கிடைத்தது. மேடையில் அவள்தான் விளக்க வேண்டியிருந்தது. திரையில் ஆவுடைத்தாயின் போட்டோ, அடையாளம் தெரியாமலிருக்கக் கண்களின் மேல் கறுப்புப் பட்டை. அதைப் பெரிதாக்கி முன்கூடத்தில் மாட்டினார்கள்: 'ஒப்பீட்டுக் குழு, எண் ஐந்து.'

பயிற்சிக்காக விதுரா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் முன் விஷ்ணுப்ரியா பழவங்காடிக்கு வந்து அவளைப் பார்த்தாள். ஹோட்டலின் பின்வாசலில் இருவரும் நின்றார்கள்.

"கிளாஸ்லே ஆரும் எங்கிட்டே பேசறதில்லைம்மா. பிரைஸ் வாங்கினதாலேன்னு நினைக்கறா. ஆத்துலே சொல்ல முடியலை, அப்பா பிரைஸை ஹால்லே மாட்டியிருக்கார். உங்ககிட்டே மட்டும்தான் சொல்லலாம்."

"சொல்லு தாயி."

ஆனால் சொல்வதற்கு அதற்குமேல் ஒன்றும் இல்லை. போன் நம்பரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள். ஆவுடைத்தாய் அதைப் பத்திரமாக வைத்திருந்தாள். விஷயம் ஒன்றும் இல்லாமல் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கூப்பிடவில்லை.

ஹோட்டலில் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். தேங்காய் துருவ மெஷின் வந்திருந்தது. அவளுக்குக் காய் நறுக்கும் வேலை; மெஷின் சத்தத்தில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வார விடுமுறை எந்தக் கிழமை வேண்டும் என்று சூப்பர்வைசர் கேட்டார். புதன் என்றாள்.

வேன் அவளுக்காக நிற்காது. குணமானவர்களை ஏற்றக்கூடாது என்று ஜெபசிங்குக்கு உத்தரவு. கிழக்கேகோட்டையில் நெடுமங்காடு பஸ் பிடித்துப் போய் இறங்கினாள். வாசலில் காவலாளி கேட்டார்.

"அம்மைக்கு வேதனை மாறியில்லே?"

"இது மத்தக் கை" என்றாள்.

அவளுடைய போட்டோவுக்கு நேர் கீழே இருந்த மேஜையில் புதுக் கோப்புப் போட்டார்கள். கறுப்புப் பட்டை நன்றாக வேலை செய்தது. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மாடியில் இப்போது பத்து நாற்காலிகள். பத்துப் பேர் இரண்டு மீட்டர் இடைவெளியில் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாணவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதும் ஆவுடைத்தாய் எழுந்தாள்.

"எல்லாரும் செவத்துப் பக்கம் வாங்க. ரெண்டு வெரல வைங்க. மெள்ள. பொறுக்க வலின்னா ஏறுங்க, பொறுக்க முடியலன்னா விட்டுருங்க."

எட்டு வாரத்தில் ஒன்பது பேருக்குக் கை ஏறியது; ஆவுடைத்தாய் மட்டும் அளக்கும்போது கையைத் தூக்கவில்லை. நாற்காலி சிகிச்சையின் ஆதாரம் கோபுரத்தில் ஒரு படி உயர்ந்துவிட்டது என்று முதல்வர் அறிவித்தார். பக்கத்து மாவட்டக் கல்லூரிகளிலிருந்து வந்து நாற்காலிகளை அளந்துகொண்டு போனார்கள். ஒன்பது பேரும் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். அடுத்த வாரம் ஒருவரும் வரவில்லை. குணமானவர்கள் எதற்கு வருவார்கள்? புதிதாக ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் யாருக்கும் அவளைத் தெரியாது. குணமாகாத அந்த ஒருத்தியைப் பற்றி மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஒரு கேள்வியை அமைத்து ஒப்புதலுக்கு அனுப்பியிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அவள் அந்தக் கோப்பை விட்டுவிட்டு இன்னொரு கோப்புப் போட்டுக்கொண்டாள்.

மூன்றாவது கோப்புக்கு அளவெடுக்கும் நாள். புது மாணவி, போன வாரம்தான் இந்த வகுப்புக்கு வந்தவள். கண்ணைக் கட்டியிருந்தார்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காற்றில் தேடினாள்.

"எந்தக் கையாணு அம்மா?"

ஆவுடைத்தாய்க்கு இந்தத் தடவை எதைச் சொன்னோம் என்று நினைவு வரவில்லை. கறுப்புத் துணிக்குப் பின்னால் இருந்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள்.

"ஒனக்கு எது தோதோ அதப் பிடி, மக்கா."